ஒன்பது எழுத்தும் ஒருநாள் கூலியும்

மலைச் சரிவிலே வெள்ளை வெளேரென்று ஒன்பது ஆங்கில எழுத்துக்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 அடி உயரம். சேர்த்துப் படித்தால் ஹாலிவுட்! அமெரிக்க நாட்டின் மேற்குக் கடற்கரையிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் பெருநகரத்தின் ஒரு பேட்டை அது. சென்னைக்குக் கோடம்பாக்கம் எப்படியோ, அந்த நகரத்துக்கு அது அப்படி. பம்பாய்க்காரர்கள் அந்தப் பெயரின் வாலைப் பிடித்துப் 'பாலிவுட்' என்றார்கள். நம்மவர்களும் சளைக்கவில்லை, 'கோலிவுட்' என்றார்கள்.

கனவுத் தொழிற்சாலை என்று அந்த ஊருக்கு ஒரு பட்டம் உண்டு. கனவைப் பற்றி ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்துவிட்டன. எந்த நடிகைக்கு எத்தனையாவது திருமணம், எந்த நடிகரின் மாளிகையிலே எத்தனை அறை என்றெல்லாம் நமக்கு மனப்பாடம். தொழிற்சாலை என்ற சொல்லைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலை என்றால் தொழிலாளி இருப்பான், முதலாளி இருப்பான், கூலி இருக்கும், கூலிச் சண்டையும் இருக்கும். அந்தச் சண்டையின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். மில் வாசலிலும் பஸ் டெப்போவிலும் துறைமுகத்திலும் உழைக்கிற தோழர்களே, அந்த ஊர் நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு நெருக்கமான ஊர்.

முதலில் அந்த எழுத்துக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கலைத்தாயின் கோயிலுக்கு எழுப்பிய கோபுரம் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. வீட்டு மனை விற்றவர்கள் வைத்த விளம்பரப் பலகை! 1923-ம் ஆண்டு, மலையடியிலே நிலத்தைத் துண்டு போட்டு விற்ற ஒரு கம்பெனி, 'ஹாலிவுட்லாண்ட்' என்று பதின்மூன்று எழுத்துக்களைச் செய்து, சுமார் 4,000 விளக்குகளைப் பொருத்தி அங்கே நிறுத்தியது. ஒன்றரை ஆண்டு நின்றால் போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மனை விற்றது, பலகை நின்றது. 1949-ல் வாலில் இருந்த நான்கு எழுத்துக்களை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பழுது பார்த்தார்கள். 1978-ல் இற்றுப்போன பழைய எழுத்துக்களை அகற்றி, எழுத்து ஒன்றுக்கு 27,777 டாலர் என்று நன்கொடை வாங்கி, இரும்பிலே புதிதாக அமைத்தார்கள். மனை வியாபாரியின் பலகைக்கு முன்னால் நின்று உலகமே இன்று கைபேசியில் படம் பிடித்துக்கொள்கிறது. விளம்பரம் எவ்வளவு காலம் உழைக்கும், பாருங்கள்!

ஊர் பிறந்த கதையும் வேடிக்கையானதே. 1887-ல் ஹார்வி வில்காக்ஸ் என்ற நிலவியாபாரி அந்த இடத்தை மனைகளாகப் பிரித்துப் பதிவு செய்தார். கணவன் மனைவி இருவருமே மதுவிலக்குக் கொள்கைக்காரர்கள். 1903-ல் ஊர் தனி நகராயிற்று. குடிநீர் போதவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸோடு சேர்ந்தால்தான் குழாயிலே தண்ணீர் வரும் என்ற நிலை. 1910-ல் ஊரையே அந்த நகரத்தோடு இணைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் நெஸ்டர் என்ற படக் கம்பெனி, சன்செட் சாலையும் கௌவர் தெருவும் கூடும் முனையிலே முதல் ஸ்டூடியோவைத் திறந்தது. எந்தக் கட்டடத்தில்? மதுவிலக்கினால் வியாபாரம் படுத்துப் போன பழைய மதுவிடுதி ஒன்றில்!

நியூயார்க்கை விட்டு, மூவாயிரம் மைல் தாண்டி, படக் கம்பெனிகள் இங்கே ஏன் வந்தன? வெயில் என்பார்கள். உண்மைதான்; அன்றைய பிலிமுக்குச் சூரியனே விளக்கு. மலையும் பாலைவனமும் கடலும் கைக்கெட்டும் தூரத்தில் என்பார்கள். அதுவும் உண்மை. 1908-ல் எடிசன் கம்பெனியை முன்னிறுத்தி, காமிரா உரிமைகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிப் போட்ட ஏகபோகக் கூட்டத்தின் வக்கீல்களுக்கு எட்டாத இடம் என்பார்கள். ஓரளவு இதுவும் உண்மை. நாலாவது காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது சரித்திரக்காரர்களில் பலருக்குக் குரல் தாழ்ந்துவிடும். அந்நாளிலே லாஸ் ஏஞ்சல்ஸ், சங்கத்தை அண்டவிடாத நகரம். அந்த நகரத்தின் பெரிய நாளேடு, சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே சீறும். தச்சனானாலும் வண்ணம் பூசுகிறவனானாலும் கம்பி இழுக்கிறவனானாலும், நியூயார்க்கைவிடக் குறைந்த கூலி. சூரியனும் மலிவு; தொழிலாளியும் மலிவு!

அந்தக் கௌவர் தெரு முனையை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். குதிரை ஓட்டத் தெரிந்த ஆட்கள், மாட்டுப் பண்ணைகளிலே வேலை செய்த உண்மையான மாட்டுக்காரர்கள், தொப்பியும் பூட்ஸுமாக வந்து அங்கே காத்து நிற்பார்கள். சண்டைப் படம் எடுக்கும் சிறு கம்பெனிக்காரன் வந்து ஆளைப் பொறுக்குவான். நீ வா, நீ வா, நீ வேண்டாம்! நம் ஊரிலே கொத்தனாரும் சித்தாளும் விடியலில் வந்து நிற்கும் நாற்சந்தியை நீங்கள் கண்டதில்லையா? அதே சந்திதான், தலையிலே முண்டாசுக்குப் பதில் தொப்பி. துணை நடிகர் கூட்டம் பெருகப் பெருக, 1925-ல் முதலாளிகளே ஒன்றுகூடி 'சென்ட்ரல் காஸ்டிங்' என்ற ஆள் எடுக்கும் அலுவலகத்தை அமைத்தார்கள். அதன் பிறகு காத்திருப்பு தெருவிலிருந்து டெலிபோனுக்கு மாறியது. கூப்பிட்டுக் கேட்பது, 'வேலை இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வைப்பது, மறுபடி கூப்பிடுவது.

இனி ஆஸ்கார் விருதுக்கு வருவோம். தங்கப் பதுமை! அதைப் பெற்றவர் கண்ணீர் விடுவதும், தாயாருக்கும் கடவுளுக்கும் நன்றி சொல்வதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி. அந்தப் பதுமையின் பிறப்பைக் கொஞ்சம் விசாரிக்கலாமா?

1926 நவம்பரில், தச்சர், மின் தொழிலாளர், வண்ணம் பூசுவோர், இசைவாணர், மேடைத் தொழிலாளர் ஆகியோரின் சங்கங்களோடு ஸ்டூடியோ முதலாளிகள் ஒப்பந்தம் செய்துகொள்ள நேர்ந்தது. சுத்தியல் பிடித்தவன் சங்கம் கண்டுவிட்டான். நாளை பேனா பிடித்தவனும் கேட்பான், முகத்தில் சாயம் பூசியவனும் கேட்பானே! மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் தலைவர் லூயி பி. மேயருக்கு இந்தக் கவலை வந்தது. 1927 ஜனவரியிலே ஒரு விருந்து வைத்தார். முதலாளி, டைரக்டர், நடிகர், எழுத்தாளர் எல்லோரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள் தகராறு வந்தால் நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம், வெளியார் எதற்கு என்ற தத்துவம் பிறந்தது. அதுதான் அகாதமி! விருது என்பது அந்த ஏற்பாட்டின் ஒரு மூலையிலே தொங்கவிட்ட மணி. 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஓட்டலில் முதல் விருதளிப்பு நடந்தது. கால் மணி நேரத்திலே முடிந்துவிட்டது. மணியோசை பெரிதாகிப் பெரிதாகி, ஏற்பாட்டையே உலகம் மறந்துவிட்டது.

ஒரே குடும்பம் என்றார்களே, அந்தக் குடும்பத்தின் பந்தி எப்படி இருந்தது? 1940-ல் ஹாட்டி மெக்டானியல் என்ற கறுப்பின நடிகைக்கு 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஆஸ்கார் கிடைத்தது. அந்த விருது பெற்ற முதல் கறுப்பின நடிகை அவர்தான். விழா நடந்த ஓட்டலிலே கறுப்பர்களுக்கு இடமில்லை. தனி அனுமதி வாங்கி உள்ளே விட்டார்கள். உடன் நடித்தவர்கள் அமர்ந்த மேசையிலே அல்ல. சுவரோரமாகத் தனி மேசையிலே! தீண்டாமை நம் நாட்டுச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

குடும்பத் தத்துவத்துக்குச் சோதனை 1933 மார்ச்சிலே வந்தது. பொருளாதார மந்தம் உச்சத்தில். நாடு முழுவதும் வங்கிகள் மூடிக் கிடந்தன. எட்டு வாரத்துக்கு எல்லோருக்கும் பாதிச் சம்பளம் என்றார்கள் முதலாளிகள். மேயர் தம் ஊழியர்களைக் கூட்டி வைத்து, கண்ணீர் மல்கப் பேசினார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டவர்கள் உருகினார்கள். எழுத்தாளர் ஒப்புக்கொண்டார்; நடிகர் ஒப்புக்கொண்டார். அகாதமியும் ஆமாம் போட்டது. ஒப்புக்கொள்ளாதவர்கள் யார் தெரியுமா? விளக்குப் பிடிக்கிறவர்கள், தளம் அமைக்கிறவர்கள், மேடைத் தொழிலாளர் சங்கத்தவர்கள். முடியாது என்றார்கள். ஒருநாள் ஸ்டூடியோக்கள் மூடின. பிறகு முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அவர்கள் கூலியில் காலணா குறையவில்லை.

தோழர்களே, அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். வாரம் ஆயிரம் டாலர் வாங்குகிற எழுத்தாளருக்குப் பாதிச் சம்பளம். அவர் தலைக்கு மேலே பரண்மீது நின்று விளக்கைத் திருப்புகிறவனுக்கு முழுக் கூலி. படித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது! 1933 ஏப்ரலிலே எழுத்தாளர்கள் சங்கம் கூடிற்று. அந்தக் கோடையிலேயே நடிகர் சங்கம் பிறந்தது. அகாதமியை விட்டுக் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். நடிகர் சங்கத்தை முதலாளிகள் ஏற்றுக் கையெழுத்திட 1937 வரை ஆயிற்று. எழுத்தாளர்களுக்கு இன்னும் தாமதம். என்றாலும் பாதை திறந்துவிட்டது.

சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எந்தச் சங்கம் 1933-ல் தலை நிமிர்ந்து நின்றதோ, அதே மேடைத் தொழிலாளர் சங்கத்தின் தலைமை அடுத்த ஆண்டே சிகாகோ குண்டர்களின் கைக்குப் போயிற்று. ஜார்ஜ் பிரௌன் தலைவர். வில்லி பியாஃப் அவருடைய வலக்கை. வேலை நிறுத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று ஸ்டூடியோ முதலாளிகளிடம் கட்டுக் கட்டாகப் பணம் வாங்கினார்கள். முதலாளிகளும் கொடுத்தார்கள், அவர்களுக்கு அது லாபமாகவே இருந்தது. 1941-ல் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். பணம் கொடுத்தவர்களிலே ஒருவரான, பாக்ஸ் ஸ்டூடியோவின் தலைவர் ஜோசப் ஷெங்கும் பொய் சொன்ன குற்றத்துக்காகச் சிறை சென்றார். சங்கப் பணத்துக்கு உறுப்பினன் கணக்குக் கேட்காத இடத்திலே இப்படித்தான் எலி புகும்.

நட்சத்திரங்களின் நிலையாவது சுகமா? ஏழாண்டு ஒப்பந்தம் என்ற சங்கிலி ஒன்று இருந்தது. கொடுத்த வேடம் பிடிக்கவில்லை என்று மறுத்தால் சம்பளமில்லாமல் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தி வைத்த நாட்களை ஏழாண்டின் முடிவிலே கூட்டிக்கொள்வார்கள். ஏழு எட்டாகும், ஒன்பதாகும். பண்ணையாளின் கடன் தீராதது போல ஒப்பந்தமும் தீராது! ஒலிவியா டி ஹாவிலாண்ட் என்ற நடிகை வார்னர் கம்பெனிமீது வழக்குப் போட்டார். ஏழாண்டு என்றால் நாட்காட்டியின் ஏழாண்டுதான் என்று 1944-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டு உடுத்திய அடிமைக்கும் விடுதலை வேண்டியிருந்தது. அந்த அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்தார்.

பிறகு வந்தது 1945. ஸ்டூடியோவின் கைத்தொழிலாளர்களிலே ஒரு பெரும் பகுதியினர் ஹெர்ப் சாரெல் தலைமையில் மார்ச் மாதம் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 5-ந் தேதி, வெள்ளிக்கிழமை. ஹாலிவுட்டுக்கு அடுத்த பர்பாங்க் நகரிலே, வார்னர் ஸ்டூடியோ வாசலிலே, மறியல் செய்தவர்கள்மீது கண்ணீர்ப் புகை, தீயணைக்கும் குழாயிலிருந்து தண்ணீர்ப் பாய்ச்சல், தடியடி. முதலாளி அடித்தான் என்பது புதிதல்ல. வயிற்றெரிச்சல் என்னவென்றால், மறியலைப் பிளந்துகொண்டு உள்ளே போகும்படி ஆட்களை அனுப்பியது இன்னொரு சங்கத்தின் தலைமை! கருங்காலி வேலையைச் சங்க முத்திரையோடு செய்தார்கள். ஈராண்டிலே சாரெலின் கூட்டமைப்பு சிதறிப் போயிற்று.

சிதறிய வீட்டிலே திருடன் புகுந்தான். 1947 அக்டோபர். அமெரிக்கப் பாராளுமன்றக் குழு ஒன்று, ஹாலிவுட்டிலே யார் யார் கம்யூனிஸ்டு என்று விசாரிக்கக் கிளம்பியது. நீ எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். அதைக் கேட்க உனக்கு உரிமையில்லை என்று பத்துப் பேர், எழுத்தாளர்களும் டைரக்டர்களும், பதில் சொல்ல மறுத்தார்கள். அவர்கள் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். வாயைத் திறக்காததற்காகச் சிறை என்பது எந்த ஊர் நியாயம்? சிறைத் தண்டனை விதித்தார்கள். முதலாளிகளோ நியூயார்க் ஓட்டல் ஒன்றிலே கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிக்கை விட்டார்கள். கறுப்புப் பட்டியல் நீண்டது. நூற்றுக்கணக்கானவர்களின் அடுப்பு அணைந்தது.

இதிலே ஒரு சிரிப்பும் உண்டு. விசாரணைக் குழுவின் தலைவர் பார்னெல் தாமஸ், தம் அலுவலகத்தில் வேலை செய்யாதவர்கள் பெயரைச் சம்பளப் பட்டியலில் சேர்த்துப் பணம் பண்ணிய குற்றத்துக்காகப் பிடிபட்டார். அவரை அடைத்த சிறைக்கே, அவரால் தண்டனை பெற்ற பத்துப் பேரில் இருவரும் கைதிகளாக வந்து சேர்ந்தார்கள்!

பத்துப் பேரில் ஒருவரான டால்டன் டிரம்போ, வெளியே வந்து வேறு பெயர்களில் எழுதினார். 'ராபர்ட் ரிச்' என்ற பெயருக்கு 1957-ல் ஆஸ்கார் அறிவிக்கப்பட்டது. ராபர்ட் ரிச் எங்கே, எங்கே என்று தேடினார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை. எழுதியவர் டிரம்போ! 1960-ல் 'ஸ்பார்டகஸ்' படத்திலே அவருடைய சொந்தப் பெயர் திரையில் வந்தது. கறுப்புப் பட்டியல் கிழியத் தொடங்கிற்று. அதற்கு முன்பே, 1952-ல், சாப்ளின் வெளிநாடு புறப்பட்டுக் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே, அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்து, இயந்திரத்தின் பல்லிலே அகப்பட்ட தொழிலாளியை உலகத்துக்குக் காட்டிய மனிதர். இருபதாண்டு கழித்து, 1972-ல், அதே ஊர் அவரை அழைத்து நிமிடக்கணக்கில் கை தட்டியது.

1960-ம் ஆண்டு வேறொன்றுக்காகவும் முக்கியம். தொலைக்காட்சி வந்துவிட்டது. தியேட்டருக்காக எடுத்த படத்தை வீட்டுப் பெட்டியிலே மறுபடி மறுபடி போட்டுக் கம்பெனிகள் காசாக்கின. நடித்தவனுக்கும் எழுதியவனுக்கும் ஒன்றுமில்லை. ஜனவரியிலே எழுத்தாளர்களும் மார்ச்சிலே நடிகர்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். இனிமேல் எடுக்கும் படங்கள் மறு ஒளிபரப்பாகும்போது பங்கு என்ற உரிமை வந்தது. பழைய படங்களை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு 22½ லட்சம் டாலர் பெற்றார்கள். பழைய நடிகர்கள் சிலருக்கு இந்தப் பேரம் கடைசிவரை ஆறவில்லை. அந்தப் போராட்டத்தின்போது நடிகர் சங்கத் தலைவர் யார்? ரொனால்டு ரீகன்! ஆம், பின்னாளிலே அமெரிக்க ஜனாதிபதியாகி, 1981-ல் வேலை நிறுத்தம் செய்த 11,000-க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துத் தொழிலாளர்களை ஒரே உத்தரவிலே வீட்டுக்கு அனுப்பியவர். நாற்காலி மாறினால் நாக்கும் மாறும்.

எழுத்தாளரும் நடிகரும் மறுபடி ஒரே சமயத்தில் தெருவுக்கு வர 63 ஆண்டு ஆயிற்று. 2023 மே 2-ந் தேதி 11,500 எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஜூலை 14-ந் தேதி நடிகர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் 1,60,000 பேர். அத்தனை பேரும் மாளிகைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு பெற, அவ்வாண்டுக் கணக்குப்படி 26,470 டாலர் ஆண்டு வருமானம் இருக்கவேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அந்த வருமானம் இல்லை! நாம் போஸ்டரிலே பார்க்கிற முகங்கள் மிச்சத்திலும் மிச்சம்.

சண்டை எதற்காக? ஒன்று, பழைய தொலைக்காட்சிக்குப் பெற்ற பங்கு, இணையத்தில் படம் காட்டும் கம்பெனிகள் வந்தபிறகு கரைந்துபோயிற்று. சில சென்ட் தொகைக்கு வந்த காசோலைகளை நடிகர்கள் வெளியே காட்டினார்கள். இன்னொன்று, முகத்தைப் பற்றிய வழக்கு. இதைத்தான் நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

பின்னணியில் நிற்கிற துணை நடிகனை ஒருநாள் வரச்சொல்வது. சுற்றிலும் காமிரா வைத்து அவன் முகத்தையும் உடம்பையும் நடையையும் பிடித்துக் கணிப்பொறியில் ஏற்றிக்கொள்வது. ஒருநாள் கூலி கொடுத்து அனுப்பிவிடுவது. அதன்பிறகு காலமெல்லாம் அந்த உருவத்தைக் கம்பெனி பயன்படுத்திக்கொள்வது. முதலாளிகள் தரப்பிலிருந்து இப்படியொரு யோசனை வந்தது என்று நடிகர் சங்கத்தின் பேச்சுவார்த்தைத் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். இல்லை, எந்தப் படத்துக்கு அழைத்தோமோ அந்தப் படத்துக்கு மட்டும்தான் என்று முதலாளிகளின் கூட்டமைப்பு மறுத்தது. யார் சொன்னது சரியோ, இருக்கட்டும். இப்படி ஒரு பேச்சு மேசைக்கு வந்ததே, அது போதும். நெசவாளியின் தறியைப் பறித்த இயந்திரம் உண்டு. மூட்டை தூக்குகிறவனின் தோளுக்குப் பதில் வந்த இயந்திரம் உண்டு. தொழிலாளியின் முகத்தையே கழற்றி வைத்துக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்புகிற இயந்திரம் இப்போதுதான் வந்திருக்கிறது.

மறியல் எங்கே நடந்தது? சன்செட் சாலையிலே, நெட்பிளிக்ஸ் கம்பெனியின் கட்டடத்துக்கு முன்னால்! அது பழைய வார்னர் ஸ்டூடியோ இருந்த இடம். 1927-ல் 'ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படம் எடுத்து, பேசாப்படத் தியேட்டர்களிலே வாத்தியம் வாசித்து வயிறு வளர்த்த ஆயிரக்கணக்கான இசைக்காரர்களின் பிழைப்பை முடித்து வைத்த அதே இடம். 96 ஆண்டு கழித்து அங்கேயே இன்னொரு இயந்திரத்தைப் பற்றிய சண்டை.

ஜூலை மாதத்து வெயில். ஒரு பெரிய ஸ்டூடியோவின் வெளியே, மறியல்காரர்கள் நிழலுக்கு ஒதுங்கிய சாலையோர மரங்களின் கிளைகள் ஒருநாள் மொட்டையடிக்கப்பட்டிருந்தன! ஆண்டுதோறும் செய்வதுதான் என்றது கம்பெனி. அனுமதி வாங்காமல் நகராட்சி மரத்தை வெட்டினாய் என்று 250 டாலர் அபராதம் போட்டது நகராட்சி. நிழலின் விலை 250 டாலர்.

அந்தப் போராட்டத்திலே நடிகர்களின் புகைப்படம்தான் ஏடுகளில் வந்தது. வெற்றிக்கு வழி செய்தவர்களிலே இன்னொரு கூட்டம் உண்டு, லாரி ஓட்டுநர்கள். விளக்கையும் தளவாடத்தையும் ஏற்றிய லாரி, மறியல் வரிசை முன்னால் வந்து நிற்கும். கொடியைப் பார்ப்பான் ஓட்டுநர்; வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு ஒப்பந்தம் இருந்தது, அவனுக்கு எந்தக் கோரிக்கையும் அன்று இல்லை. ஆனாலும் தாண்டவில்லை. லாரி வராவிட்டால் எத்தனை கோடி ஹீரோவாக இருந்தாலும் இருட்டிலேதான் நிற்கவேண்டும். 1945-லே ஒரு சங்கம் மற்றொரு சங்கத்தைத் தாண்டிப் போயிற்றே, அந்தக் கணக்கு 2023-லே இப்படி நேராயிற்று.

எழுத்தாளர்கள் 148 நாள் நின்றார்கள். நடிகர்கள் 118 நாள். எழுத்தாளனை இயந்திரத்தைப் பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, இயந்திரம் எழுதியதை எழுத்தாளனின் படைப்பாகக் கணக்குக் காட்டி அவன் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். நடிகனின் உருவத்தைப் பிடிக்கவேண்டுமானால் அவன் சம்மதம் வேண்டும், பயன்படுத்தினால் கூலி வேண்டும் என்று இவர்கள் பெற்றார்கள். போதாது என்றவர்களும் உண்டு. நடிகர் சங்கத்து வாக்கெடுப்பிலே ஒப்பந்தத்துக்கு ஆதரவு 78 சதவீதம்தான். ஓட்டை இருக்கிறது, இயந்திரம் அதிலே புகுந்துவிடும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் அச்சம் வீணானது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்றாண்டுக்குச் செய்த ஒப்பந்தம் அது. இயந்திரமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்கிறது.

வெற்றிக்குப் பின்னால் வேலை பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. படம் எடுப்பதையே கம்பெனிகள் குறைத்தன. எடுத்ததையும் ஜார்ஜியா மாநிலத்திலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் எடுத்தன. 2025 ஜனவரியிலே லாஸ் ஏஞ்சல்ஸின் மலையோரங்களில் பற்றிய பெருந்தீயிலே படத் தொழிலாளர் பலர் வீடிழந்தார்கள். கலிபோர்னியா அரசு அவ்வாண்டிலே, ஊரிலேயே படம் எடுக்கிறவர்களுக்குத் தரும் வரிச் சலுகையை ஆண்டுக்கு 33 கோடி டாலரிலிருந்து 75 கோடியாக உயர்த்தியது. சங்கங்களும் கேட்டன, முதலாளிகளும் கேட்டார்கள். சலுகை முதலாளிக்கு, அதிலிருந்து சிந்துகிற வேலை தொழிலாளிக்கு.

அங்கே தச்சுவேலை செய்கிறவனுக்கும் விளக்குப் பிடிக்கிறவனுக்கும் மருத்துவக் காப்பீடு ஒரு கணக்கின்படி நடக்கிறது. காப்பீடு தொடரவேண்டுமானால் ஆறு மாதத்திலே 400 மணி நேரம் வேலை செய்திருக்கவேண்டும். ஸ்டூடியோ காலியாகக் கிடந்தால் மணி சேராது. மணி சேராவிட்டால் பிள்ளைக்கு மருந்து சொந்தக் காசிலே. இருபது ஆண்டு வேலை பார்த்த ஆட்கள் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து இந்த மணிக்கணக்கைக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

ஜார்ஜியாவுக்குக் கம்பெனிகள் போனது ஏன்? வரிச் சலுகை முதல் காரணம். இரண்டாவது காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். 1911-ல் ஹாலிவுட்டுக்கு வந்தார்களே, அந்த நாலாவது காரணம். சங்கத்திலே சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதபடி சட்டம் வைத்திருக்கிற தெற்கத்தி மாநிலம் அது. ஆனால் இந்தமுறை கம்பெனிக்காரர்கள் போய் இறங்கியபோது, அட்லாண்டா நகரிலே மேடைத் தொழிலாளர் சங்கத்தின் கிளை ஒன்று ஏற்கெனவே பலகை மாட்டி உட்கார்ந்திருந்தது. கிளையின் எண் 479.